மண்ணைக் கேட்டுச் சொல்பவள்

வயரிங் வேலையில் இருபத்தெட்டு வருடம் போட்டவர் அவர். சுவரைத் தட்டிப் பார்த்தே உள்ளே குழாய் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று சொல்லிவிடுவார். கண்ணைக் கட்டிவிட்டாலும் மெயின் போர்டை மாட்டி முடித்துவிடுவார் என்று கூட வேலை செய்கிறவர்கள் சொல்வார்கள். வயர்மேன் என்பதே அவருக்குப் பெயராகிவிட்டது. அப்படிப்பட்டவர் ஒரு கட்டடத்தை முடித்துக் கொடுத்தால், அதில் மின்சாரம் ஏறுவதற்கு அவருடைய மனைவி கையெழுத்துப் போட வேண்டும்.

சட்டம் அப்படி. ஒப்பந்தக்காரர் உரிமம் அவர் பெயரில்தான் இருந்தது. கண்ணாடி போட்டுக் கடைச் சுவரில் மாட்டியிருந்தார். ஆனால் வேலை முடிந்த பிறகு, இதை நான் சோதித்தேன், இன்னின்ன அளவு இருந்தது, இது பாதுகாப்பானது என்று அறிக்கையில் எழுதிக் கொடுக்க மேற்பார்வையாளர் சான்றிதழ் வைத்திருப்பவர் ஒருவர் வேண்டும். அந்தக் காகிதம் இல்லாமல் மின்சார அலுவலகத்தில் இணைப்புக் கொடுக்க மாட்டார்கள். வயர்மேன் அந்தத் தேர்வை இரண்டு தடவை எழுதி இரண்டு தடவையும் கோட்டை விட்டார். மனைவி முதல் தடவையிலேயே தேறினாள். யாராவது குத்திக் காட்டுவதற்கு முன்னால் அவரே முந்திக்கொள்வார்: “வீட்டுலயும் அவ சொல்றதுதான், வேலையிலயும் அவ சொல்றதுதான். எனக்குன்னு இருக்கறது ஒரு ஸ்க்ரூடிரைவர்.”

சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார். ஆனால் உள்ளுக்குள் அவருக்கு மனைவியை நினைத்தால் சிரிப்பு வராது. ஒரு பிரமிப்புதான் வரும்.

அவள் இந்த வேலைக்கு வந்த கதையே வேடிக்கையானது. படித்து முடித்தவுடன் ஒரு மின் ஒப்பந்தக்காரர் அலுவலகத்தில் தட்டச்சு செய்யப் போயிருக்கிறாள். நாள் முழுவதும் சோதனை அறிக்கைகள். மூன்று வருடம் அடித்த பிறகு ஒன்றைக் கவனித்தாள். எல்லா அறிக்கையிலும் எர்த் அளவு என்ற இடத்தில் நான்கு என்றே இருந்தது. களிமண் பூமியில் கட்டிய வீட்டுக்கும் நான்கு. பாறையைக் குடைந்து கட்டிய கிடங்குக்கும் நான்கு. ஒரு நாள் மேலாளரிடம் இது எப்படி என்று கேட்டாள். அது அப்படித்தான் எழுதுவது என்று சொல்லிவிட்டு அவர் தேநீர் குடிக்கப் போய்விட்டார்.

அன்றிலிருந்து அவளுக்குத் தூக்கம் போயிற்று. மாலை வகுப்பில் சேர்ந்து டிப்ளமா படித்தாள். வகுப்பில் அவள் ஒருத்திதான் பெண். பின்னாளில் இந்த வேலையில் அவளுடைய கண்டிப்பைப் பார்த்தவர்கள், உங்கள் வீட்டில் யாருக்காவது ஷாக் அடித்து ஏதாவது ஆயிற்றா என்று தயங்கித் தயங்கிக் கேட்பார்கள். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்பாள். “அந்த நாலு மேல எனக்குச் சந்தேகம் வந்துச்சு. அவ்வளவுதான்.”

மின்சாரம் தன் வழியில் போகும்வரை யாருக்கும் தொல்லை இல்லை. வழி தவறி ஒரு மெஷினின் இரும்பு உடம்பில் ஏறிவிட்டால், அது போய்ச் சேர ஓர் இடம் வேண்டும். பச்சை வயர் அதை மண்ணுக்குள் அழைத்துக்கொண்டு போகும். மண் தாராளமாக வாங்கிக்கொண்டால் பாய்ச்சல் பெருகி, போர்டில் பிரேக்கர் தானாக விழுந்து மின்சாரத்தை வெட்டி, விஷயம் அங்கேயே முடிந்துவிடும். மண் கஞ்சத்தனம் செய்தால் மின்சாரம் அந்த இரும்பிலேயே உட்கார்ந்திருக்கும். ஈரக் கையோடு யாராவது வந்து தொடும்வரை பொறுமையாக உட்கார்ந்திருக்கும். எத்தனை ஓம் என்பது மண்ணின் அந்தக் கஞ்சத்தனத்துக்கு அளவு. அவள் எப்போதும் அந்தக் கணக்கிலேயே இருந்ததால் வேலையாட்கள் அவளை ஓம் அக்கா என்று கூப்பிட்டார்கள். புதிதாக வந்த பிளம்பர் ஒருவர், அந்த அம்மாவுக்கு அவ்வளவு பக்தியா என்று வயர்மேனிடம் மரியாதையாக விசாரித்ததும் உண்டு.

வயர்மேனுக்கு முதன்முதலில் வாயடைத்துப் போனது ஒரு ரொட்டிக் கடையில். கல்யாணமாகி ஆறு மாதம் இருக்கும். கடைக்குப் பின்னால் வெறும் தரை. எர்த் குழி எங்கே தோண்டுவது என்று பார்க்க வேண்டும். அவர் மண்வெட்டியோடு நின்றார். அவள் பையிலிருந்து நான்கு இரும்பு முளைகளை எடுத்து ஒரே வரிசையில் அடித்தாள். வயரை மாட்டி மீட்டரைப் பார்த்தாள். முளைகளைப் பிடுங்கிக் கொஞ்சம் விலக்கி அடித்தாள், மறுபடி பார்த்தாள். இப்படியே ஒரு மணி நேரம். பக்கத்து வீட்டுக்காரர்கள் மாடியில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். கடைசியில் அவள் நோட்டுப் புத்தகத்தை மூடிவிட்டு, இங்கே தோண்ட வேண்டாம், எட்டு அடிக்குக் கீழே மண் இல்லை, யாரோ பெரிய குழியை மூடியிருக்கிறார்கள் என்றாள்.

அவர் கேட்கவில்லை. தோண்டினார். எட்டரை அடியில் உடைந்த செங்கல் வந்தது. பிறகு சிமெண்ட் வளையத்தின் விளிம்பு வந்தது. எந்தக் காலத்திலோ குப்பை கொட்டி மூடிய கிணறு. ரொட்டிக் கடைக்காரருக்கே தெரியாது. மேலே நின்று நாலு இரும்பைக் குத்திவிட்டு, கண்ணுக்குத் தெரியாத கிணற்றை அவள் கண்டுபிடித்திருந்தாள். குழிக்குள் நின்றபடி அவர் நிமிர்ந்து பார்த்தபோது, அவள் பெருமை எதுவும் இல்லாமல் முளைகளில் ஒட்டியிருந்த மண்ணைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

இத்தனை தெரிந்தும் அவர் அந்தத் தவறைச் செய்தார் என்பதுதான் விஷயம்.

அவருடைய தங்கை பதினைந்து வருடம் ஒரு மருத்துவமனையின் சலவைப் பிரிவில் வேலை செய்தவள். படுக்கை விரிப்புகள், தலையணை உறைகள், அறுவை அரங்கின் பச்சைத் துணிகள். கறையைப் பார்த்தே எந்த வார்டு என்று சொல்வாள். மருத்துவமனை தன் வேலையில் பாதியை வெளியே கொடுப்பது என்று முடிவு செய்தபோது, அவள் துணிந்து வேலையை விட்டுவிட்டுச் சொந்தமாகச் சலவைக் கடை வைக்கக் கிளம்பினாள். மருத்துவமனையின் துணிப் பிரிவு மேலாளர் ஒரு வியாழக்கிழமையைக் குறித்துக் கொடுத்தார். அன்று முதல் வண்டி வரும். கடை திறந்திருக்க வேண்டும். இல்லையென்றால் வண்டி அடுத்த தெருவில் இருக்கும் பெரிய சலவைக் கூடத்துக்குப் போகும். போன வண்டி திரும்பி வருமா என்பதற்கு யாரும் உத்தரவாதம் தரவில்லை.

வயர்மேன் தங்கைக்காக ஒரு மாதம் மாடாக உழைத்தார். புதிதாகக் கட்டிய வணிகக் கட்டடத்தின் தரைத்தளம். எட்டுத் துவைக்கும் மெஷின்கள், இரண்டு உலர்த்திகள், நீளமான இஸ்திரி மேசை. ஈரமாகவே இருக்கப்போகிற இடம் என்பதால் விதிகளும் அதிகம். பிளக்குகள் எல்லாம் இடுப்புக்கு மேலே, ஒவ்வொன்றுக்கும் தண்ணீர் புகாத மூடி. வாசலுக்குப் பக்கத்தில் ஒரே தட்டில் எல்லாவற்றையும் நிறுத்தும் சிவப்புப் பொத்தான். தண்ணீர்க் குழாய்க்கும், சாக்கடை மேல் போட்ட இரும்புக் கம்பிக்கும்கூடப் பச்சை வயர். தங்கை அதைப் பார்த்துவிட்டு, சாக்கடைக்கெல்லாம் நகை போட்டுட்டியே அண்ணா என்றாள். முன்பக்கம் இரண்டு எர்த் குழிகள். கரி, உப்பு, செம்புத் தகடு, எல்லாம் முறைப்படி.

வயர்மேன்கள் வட்டாரத்தில் ஒரு வழக்கம் உண்டு. சோதனைக்கு ஆள் வருவதற்கு முன்னால் குழிக்குத் தண்ணீர் காட்டுவது. ஈர மண்ணில் ஓம் அளவு குறைத்துக் காட்டும். குழியில் அதற்கென்றே ஒரு புனல் இருக்கிறது. கோடையில் மண் காய்ந்தால் ஊற்ற வேண்டும் என்று புத்தகமே சொல்கிறது. அதனால் யாருக்கும் அது தப்பாகத் தெரிவதில்லை. விருந்தாளி வரும் வீட்டைக் கூட்டிப் பெருக்குவதுபோல் என்பார்கள். வயர்மேன் சனிக்கிழமை காலை குழிக்குப் பத்து வாளி ஊற்றினார். ஞாயிறு பத்து. திங்கட்கிழமை விடிந்ததும் உப்பைக் கரைத்து இன்னும் பத்து. பிறகு வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு, ஒன்றும் தெரியாதவர்போல் மனைவியை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்.

திங்கட்கிழமை அவள் காலை ஒன்பது மணிக்கு ஆரம்பித்தாள். ஒவ்வொரு வயரின் உறையையும் ஐந்நூறு வோல்ட் கொடுத்துச் சோதித்தாள். ஒவ்வொரு சுவிட்சும் சரியான வயரைத்தான் வெட்டுகிறதா என்று பார்த்தாள். ஆளுக்கு ஷாக் அடித்தால் கண் இமைப்பதற்குள் விழ வேண்டிய ட்ரிப்பர் எத்தனை மில்லி வினாடியில் விழுகிறது என்று அளந்தாள். எல்லாமே கச்சிதம். வயர்மேனுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. கடைசியாக எர்த். ஐந்துக்குள் இருக்க வேண்டும். நான்கு புள்ளி எட்டு வந்தது.

தங்கை பேனாவையே எடுத்துக் கொடுத்துவிட்டாள். மனைவி அதை வாங்கிக்கொண்டு குழிக்குப் பக்கத்தில் போய்க் குனிந்தாள். சுற்றிலும் மண் வெந்து வெளுத்துக் கிடந்தது. மூடியின் விளிம்பில் மட்டும் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. விரலால் தொட்டுப் பார்த்தாள். நாக்கில் வைத்துப் பார்ப்பாளோ என்று வயர்மேனுக்குப் பயமாக இருந்தது. அவள் அப்படிச் செய்யவில்லை. பையிலிருந்து இரண்டு சின்னப் பூட்டுகளை எடுத்து இரண்டு குழியின் மூடிகளையும் பூட்டினாள். சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு, புதன்கிழமை இன்னொரு தடவை பார்க்கிறேன் என்றாள். காரணம் சொல்லவில்லை.

அந்த இரண்டு நாள் வயர்மேனுக்குச் சோறு இறங்கவில்லை. தங்கை அவரைத் தனியாகக் கூப்பிட்டு, அண்ணிக்கு என் மேல என்ன கோபம் என்று கேட்டாள். நாத்தனார் கடை வைப்பது பிடிக்கவில்லையா என்று நேரடியாகக் கேட்காவிட்டாலும், கேள்வி அந்தப் பக்கம்தான் போய்க்கொண்டிருந்தது. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. வீட்டுக்கு வந்தால் மனைவி வழக்கத்தைவிட அமைதியாக இருந்தாள். அவளுக்குத் தெரிந்துவிட்டதா, தெரிந்துதான் பேசாமல் இருக்கிறாளா என்று அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை. எட்டடி ஆழத்தில் இருப்பதை மேலே நின்று சொல்கிறவளுக்கு, எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறவன் மனசா தெரியாது என்று நினைக்கும்போதே அவருக்கு வியர்த்தது.

புதன்கிழமை காலை பூட்டைத் திறந்தாள். முளைகளை அடித்தாள். மீட்டரைப் பார்த்துவிட்டு, வயரைக் கழற்றி மாட்டி மறுபடி பார்த்தாள். பிறகு அதைத் திருப்பி இருவருக்கும் காட்டினாள். இருபத்து மூன்று.

“நாளைக்கு வண்டி வருது அண்ணி,” என்றாள் தங்கை.

“தெரியும்மா.”

“ட்ரிப்பர் இருக்குல்ல. அது நல்லா வேலை செய்யுதுன்னு நீங்கதானே சொன்னீங்க?”

“செய்யுது. அதுவும் ஒரு மெஷின்தான். ஒரு நாள் அது சாகும், செத்தது யாருக்கும் தெரியாது. அன்னிக்கு மண்ணுதான் காப்பாத்தணும். ரெண்டு பேர் காவலுக்கு நிக்கணும்னுதான் சட்டம். ஒருத்தர் தூங்கறாருன்னு தெரிஞ்சும் நான் எப்படிக் கையெழுத்துப் போடறது?”

வயர்மேன் அப்போதும் உண்மையைச் சொல்லவில்லை. ஒரு மாத உழைப்பும் தங்கையின் முகமும் சேர்ந்து அவரைத் தள்ளின. மீட்டரில்தான் கோளாறு என்றார். இருபத்தெட்டு வருடமாகத் தன்னைக் கைவிடாத டெஸ்ட் பல்பை எடுத்தார். கட்டுமான வேலைக்காகக் கொடுத்திருந்த தற்காலிக இணைப்பிலிருந்து மின்சாரம் வரும் பேஸ் வயரை எடுத்து, பல்பின் ஒரு முனையை அதிலும் மறு முனையை எர்த்திலும் வைத்தார். பல்பு பளீரென்று எரிந்தது.

“பாரு,” என்றார் தங்கையிடம். “மண்ணு வாங்கலன்னா இப்படி எரியுமா?”

தொழிலில் இருக்கும் பத்துப் பேரில் ஒன்பது பேர் இதைத்தான் சொல்வார்கள். பல்பு எரிந்தால் எர்த் நல்ல எர்த். தங்கை அண்ணியைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையில், பதில் சொல்லுங்கள் பார்க்கலாம் என்று இருந்தது.

அண்ணி கோபப்படவில்லை. அந்த பல்புக்கு மிகக் கொஞ்சம் போதும், சிட்டுக்குருவி குடிக்கிற அளவு, அதை எந்தக் கஞ்ச மண்ணும் கொடுக்கும் என்றாள். பிறகு இஸ்திரிப் பெட்டி ஒன்று வேண்டும் என்று கேட்டாள்.

இருவரையும் வாசலுக்கு வெளியே அனுப்பினாள். கடைக்குள் யாரும் இல்லை என்று மூலை மூலையாகப் பார்த்துவிட்டு வந்தாள். ரப்பர் விரிப்பைப் போட்டு அதன் மேல் நின்றாள். பல்பு இருந்த இடத்தில் இஸ்திரிப் பெட்டியை மாட்டினாள். இன்னொரு மீட்டரின் ஒரு கம்பி முதல் மெஷினின் இரும்பு உடம்பில். மறு கம்பி வெளியே தூரத்தில் மண்ணில் அடித்த முளையில். மீட்டரை இருவரும் பார்க்கும்படி வாசற்படியில் வைத்தாள். சுவிட்சைப் போட்டாள்.

மெஷின்கள் எட்டும் அணைந்துதான் கிடந்தன. ஒன்றுக்கும் மின்சாரம் கொடுக்கவில்லை. பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல், புத்தம் புதிதாக, கல்யாணப் பெண்கள்போல் வரிசையாக நின்றன. ஆனால் மீட்டர் எழுபது என்று காட்டியது.

“எழுபது வோல்ட்,” என்றாள் உள்ளேயிருந்து. “இந்த ஒரு மெஷின்ல மட்டும் இல்ல. பச்சை வயர் எங்கெல்லாம் போகுதோ அங்கெல்லாம். எட்டு மெஷின், குழாய், சாக்கடைக் கம்பி, எல்லாம். இஸ்திரிப் பெட்டிக்கே இவ்வளவு. நிஜமா ஒரு மெஷின்ல கோளாறு வந்தா இருநூறுக்கு மேல போகும். பிரேக்கர் விழாது.”

சுவிட்சை அணைத்தாள். எண் சரசரவென்று இறங்கிப் பூஜ்யத்துக்கு வந்தது.

வயர்மேன் அந்த இடத்தைப் பார்த்தபடி நின்றார். ஓசை இல்லை, பொறி இல்லை, ஒரு நிறமாற்றம்கூட இல்லை. அவர் கையால் அடித்த வயர், அவர் கையால் இறுக்கிய ஸ்க்ரூ. காப்பாற்றுவதற்காக அவர் போட்ட அந்தப் பச்சை வயரே ஒரு மெஷினின் விஷத்தை எட்டு மெஷினுக்கும் பங்கு வைத்துக் கொடுத்துவிட்டது. இருபத்தெட்டு வருடத்தில் எத்தனை வீடுகளில் பல்பு எரிந்ததைப் பார்த்துவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டு வெளியே வந்திருக்கிறோம் என்று நினைத்தபோது, காலுக்குக் கீழே இருந்த தரை முதல் தடவையாக அவருக்கு ஓர் உயிருள்ள பொருளாகத் தோன்றியது. அதை யாரும் ஏமாற்ற முடியாது. அது பதில் சொல்வதற்கு நாள் எடுத்துக்கொள்ளும், அவ்வளவுதான்.

“தண்ணி நான்தான் ஊத்தினேன்,” என்றார். “மூணு நாள். கடைசி நாள் உப்பும் போட்டேன்.”

தங்கை அவரைப் பார்த்தாள். மனைவியும் பார்த்தாள். அவள் முகம் சட்டென்று மாறியது. அது கோபம் இல்லை என்பது அவருக்குப் புரிய ஒரு கணம் பிடித்தது.

அவள் நாத்தனாரிடம் போய் நின்றாள். “நீதான் ஊத்தியிருப்பேன்னு நினைச்சேன்மா,” என்றாள். “அவசரத்துல யாரோ சொல்லிக் கொடுத்துச் செஞ்சிருப்பேன்னு நினைச்சுட்டேன். ரெண்டு நாளா உன் முகத்தையே சரியாப் பாக்கல. இவரா இருக்கும்னு எனக்குத் தோணவே இல்ல.”

தங்கைக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. “நான் உங்களுக்குப் பொறாமைன்னு நினைச்சேன் அண்ணி,” என்றாள். “கணக்குச் சரியாப் போச்சு.”

அப்புறம் அவள் செல்பேசியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். துணிப் பிரிவு மேலாளரிடம் இரண்டு நாள் அவகாசம் கேட்டாள். அண்ணன் மேலும் பழி போடவில்லை, அண்ணி மேலும் போடவில்லை. எர்த் அளவு வரவில்லை, வந்தால்தான் திறப்பேன் என்றாள். வியாழக்கிழமை வண்டியை அடுத்த தெருவுக்கே அனுப்பிவிடுவதாக அவர் சொன்னார். சனிக்கிழமை வண்டியைப் பற்றி யோசிப்பதாகச் சொன்னார். தங்கை உள்ளே வந்து மெஷின்களின் பிளாஸ்டிக் உறைகளை ஒவ்வொன்றாக இழுத்துச் சரி செய்தாள். நாளைக்குப் பிரிக்கலாம் என்று ஓரங்களைத் தளர்த்தி வைத்திருந்தவள் அவள்.

அன்று மதியமே முளைகள் கட்டடத்தைச் சுற்றி நடந்தன. முன்பக்கம் முழுவதும் கட்டட இடிபாட்டைக் கொட்டி நிரப்பிய தரை. ஊற்றும் தண்ணீர் சல்லடையில் ஊற்றியதுபோல் இறங்கிப் போய்விடும். பின்பக்கச் சுவர் ஓரமாக மூன்று அடி அகலத்துக்கு ஒரு சந்து இருந்தது. அங்கே அளக்க அளக்க அவள் நெற்றி தெளிந்தது. கீழே பன்னிரண்டு அடியில் நல்ல களிமண், எந்தக் கோடையிலும் ஈரம் காயாதது என்றாள். இந்தத் தடவை வயர்மேன் மறு பேச்சுப் பேசவில்லை. செம்பு பூசிய கம்பிகளை ஒன்றின் தலையில் ஒன்றை முடுக்கி, சம்மட்டியால் அடித்து இறக்கினார். முதல் பத்தடி முரண்டு பிடித்தது. பன்னிரண்டாவது அடியில் கம்பி வெண்ணெயில் கத்திபோல் இறங்கத் தொடங்கியது. அவர் சம்மட்டியை நிறுத்திவிட்டு மனைவியைப் பார்த்தார். அவள் எழுதிக்கொண்டிருந்தாள்.

மூன்று இடங்களில் அப்படி இறக்கிச் சேர்த்தார்கள். வெள்ளிக்கிழமை மாலை, ஒரு சொட்டுத் தண்ணீர் காட்டாமல், அளவு இரண்டு புள்ளி ஒன்று. அவள் அறிக்கையில் எண்ணை எழுதி, பக்கத்திலேயே, மண் உலர்ந்த நிலையில் எடுத்தது என்றும் எழுதிக் கையெழுத்திட்டாள். தங்கை அந்தக் காகிதத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை நின்றுகொண்டே படித்தாள். மின்சார அலுவலகத்துக்காரர்கள் சனிக்கிழமை காலை வந்து இணைப்புக் கொடுத்தார்கள். பத்தரைக்கு மருத்துவமனை வண்டியும் வந்தது. முழு வண்டி இல்லை, கால் வண்டி. மேலாளர் நான்கு மூட்டைகளை மட்டும் அனுப்பிப் பார்த்திருந்தார்.

தங்கையோடு வேலைக்குச் சேர மருத்துவமனைச் சலவைப் பிரிவிலிருந்து மூன்று பெண்கள் வந்திருந்தார்கள். மூட்டையைப் பிரித்தார்கள். மெஷின் கதவைத் திறக்கப் போன முதல் பெண், கையைத் திருப்பி, புறங்கையால் இரும்பை மெல்லத் தொட்டுப் பார்த்துவிட்டுப் பிறகுதான் கைப்பிடியைப் பிடித்தாள். இரண்டாவது பெண்ணும் அப்படியே செய்தாள். மூன்றாவது ஆளாகத் தங்கையே இன்னொரு மெஷினிடம் போய்ப் புறங்கையால் தொட்டாள்.

ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்த அண்ணி, அது எதற்கு என்று கேட்டாள்.

அவர்களுக்குக் கேள்வியே புரியவில்லை. எதற்கு என்று யாரும் இதுவரை கேட்டதில்லை. “அங்க எல்லா மெஷினும் கொஞ்சம் கடிக்கும் அக்கா,” என்றாள் முதல் பெண். “உள்ளங்கையால தொட்டா கை ஒட்டிக்கும். புறங்கைன்னா தானா விலகிடும். சேர்ந்த அன்னிக்கே சொல்லிக் கொடுத்துடுவாங்க.” ஆறாம் நம்பர் மெஷின் மழை நாளில் ரொம்பக் கடிக்கும், அதற்கு மரப்பலகை மேல் ஏறி நிற்பார்கள் என்று மற்றவள் சேர்த்துக்கொண்டாள். மெஷின் என்றால் அதன் குணம் அப்படித்தான் என்று நினைத்திருந்தார்கள்.

தங்கை தன் கையைப் பார்த்துக்கொண்டாள். பதினைந்து வருடம். ஒரு நாளைக்கு எத்தனை தடவை.

“அங்க எத்தனை மெஷின்?” என்று அண்ணி கேட்டாள்.

“பதினாலு.”

அண்ணி முதல் பெண்ணின் புறங்கையைப் பிடித்துப் பார்த்தாள். பிறகு, “நீங்க எல்லாரும் தினமும் அளந்துக்கிட்டுதான் இருந்திருக்கீங்க,” என்றாள் மெதுவாக. “எழுதி வைக்கத்தான் ஆள் இல்ல.”

அவள் நாத்தனார் பக்கம் திரும்பவே தயங்கினாள். வயர்மேனுக்கு அது புரிந்தது. அந்த மருத்துவமனைதான் இந்தக் கடைக்குச் சோறு போடப்போகிற இடம். வந்திருப்பதோ கால் வண்டி. உங்கள் எர்த் சரியில்லை என்று வெளியே இருந்து ஒருத்தி போய்ச் சொன்னால் அந்தக் கால் வண்டியும் நின்றுவிடும்.

தங்கை அதற்குள் செல்பேசியைக் கையில் எடுத்திருந்தாள். “நீங்க போய்ச் சொன்னா சோதனைக்கு வந்துட்டாங்கன்னு பயப்படுவாங்க அண்ணி,” என்றாள். “நான் சொன்னா, அங்க கையை வச்ச ஒருத்தி சொல்றான்னு கேப்பாங்க. முதல்ல நான் பேசறேன்.”

“வண்டி நின்னு போகலாம்மா.”

“போகலாம்,” என்றாள் தங்கை. எண்ணைத் தட்டிக்கொண்டே வாசல் பக்கம் நடந்தாள்.

உள்ளே முதல் மெஷின் தண்ணீர் எடுத்துச் சுற்ற ஆரம்பித்திருந்தது. வயர்மேன் யாரும் சொல்லாமலே முளைகள் இருந்த பையைத் தூக்கிக்கொண்டு போய் வண்டியில் வைத்தார்.